இந்த வாரம் திருத்தம் ஏதும் இல்லை

எங்கள் ஆபீசில் அவருக்குப் பெயர் கெஜட். நேரில் 'சார்', முதுகுக்குப் பின்னால் கெஜட். அரசாங்கம் எந்த மூலையில் எந்த வரியை ஏற்றினாலும், எந்தப் படிவத்தின் கடைசித் தேதியைத் தள்ளி வைத்தாலும், அரசிதழில் வந்த அன்று காலையிலேயே அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். அதுதான் அவர் வேலை. அதற்கென்றே எங்கள் ஆடிட்டர் அவரைப் பத்தொன்பது வருடமாகச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்.

கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் ஆபீஸ். லிஃப்ட் உண்டு, ஓடும் நாள்தான் குறைவு. நான் வாசலுக்கு நேரே உட்கார்ந்து போன் எடுப்பவள். பதினோரு வருடத்தில் எந்தப் போனையும் மூன்றாவது மணி அடிக்க விட்டதில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. எனக்குப் பின்னால், நான்கு எட்டு தள்ளி, ஜன்னலோரம் அவர் மேசை. என் முதுகைப் பார்த்தபடிதான் அவர் பதினோரு வருடம் வேலை செய்தார்.

வெள்ளிக்கிழமைதோறும் பதினோரு மணிக்கு, நான்கு பக்கத்தில் அவர் எழுதிய வாரத் தகவல் முந்நூற்றுப் பன்னிரண்டு வாடிக்கையாளர்களுக்கு ஈமெயிலில் போகும். நாங்கள் அதைப் 'பேப்பர்' என்போம். முதல் பக்கம் வரி, இரண்டாம் பக்கம் சுங்கம், மூன்றாம் பக்கம் கம்பெனி விதிகள். நான்காம் பக்கத்தில் இந்த மாதம் எந்தெந்தத் தேதிக்குள் எதை எதைக் கட்ட வேண்டும், தாக்கல் செய்ய வேண்டும் என்ற பட்டியல். அதற்கும் கீழே, பக்கத்தின் அடியில், 'திருத்தம்' என்று ஒரு சின்னப் பெட்டி. போன வாரம் எழுதியதில் ஏதாவது தப்பு இருந்து, யாராவது சுட்டிக்காட்டினால், அதைச் சரிசெய்து போடுவதற்கான இடம் அது. பத்தொன்பது வருடமாக அந்தப் பெட்டியில் ஒரே வரிதான்: 'இந்த வாரம் திருத்தம் ஏதும் இல்லை.'

வேறு யாராக இருந்தாலும் அதை ஒரு பெருமையாகச் சொல்லித் திரிவார்கள். அவர் சொன்னதில்லை. ஒருமுறை நானே கேட்டேன்.

"தப்பே பண்ணாத மனுஷன் சார் நீங்க. அப்புறம் எதுக்கு அந்தப் பெட்டி?"

"தப்பு இல்லன்னு எப்படிம்மா சொல்ல முடியும்? யாரும் சொல்லலன்னுதான் சொல்ல முடியும்," என்றார்.

அப்போது அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தண்ணீர் லாரிக்காரன் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

காலை ஏழு மணிக்கே அவர் வந்துவிடுவார். ஆபீஸ் சாவி அவரிடம்தான். அரசிதழின் இணையதளத்தைத் திறந்து, அன்றைக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பார். முதல் பக்கத்தை அச்செடுத்து, ஓரத்தில் பஞ்ச் பண்ணி, ஃபைலில் கோப்பார். பிறகு டைரியில் ஒரு வரி: '7.10. புதிதாக மூன்று.' அல்லது '7.05. புதிதாக ஒன்றுமில்லை.' ஞாயிற்றுக்கிழமையும் வருவார் என்பது எனக்கே வெகுகாலம் தெரியாது. கீழே கண்ணாடிக் கடைக்காரர்தான் சொன்னார்.

வீட்டில் யாரும் இல்லாததால்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்கு மனைவி உண்டு. பெண் வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள். அவளுக்குக் குழந்தை பிறந்தபோது பார்த்துக்கொள்ள மூன்று மாதம் என்று போனவர் அந்த அம்மா. குழந்தை உட்காரட்டும் என்றார்கள், நடக்கட்டும் என்றார்கள், பள்ளிக்கூடம் போகட்டும் என்றார்கள். அதற்குள் இரண்டாவது பிறந்துவிட்டது. ஆறு வருடமாகிறது. சண்டையில்லை, சச்சரவில்லை. கேட்டால் "பேரனைப் பாத்துக்கப் போயிருக்காங்க" என்பார், நேற்றுதான் ரயில் ஏற்றிவிட்டு வந்தவர் மாதிரி. சண்டை போட்டுப் பிரிந்தவர்களுக்காவது நாலு பேர் ஆறுதல் சொல்ல வருவார்கள். இவருக்கு அதுவும் இல்லை.

தினமும் ஒன்றேகாலுக்கு அந்த அம்மா போன் செய்வார். இந்தப் பக்கப் பேச்சு எனக்கு மனப்பாடம். "ஆச்சு... ஆச்சு... நீ?... சரி." நாற்பது வினாடி.

"நீங்களும் அங்கயே போயிட வேண்டியதுதானே சார்?" என்று ஒருநாள் வாயைக் கொடுத்தேன்.

"போயிருந்தேனே, பத்து நாள். மாப்பிள்ளை தங்கமான பையன். நான் ஹால்ல படுத்திருந்தா டிவி சத்தத்தைக் குறைச்சு வெப்பாரு. பாவம், எத்தனை நாளைக்குக் குறைச்சு வெப்பாரு?" என்றார். பிறகு, "அதுவுமில்லாம, வெள்ளிக்கிழமை பேப்பர் இருக்கே," என்றார்.

போன வருடம் ஆகஸ்டில் ஆடிட்டர், மெயில் அனுப்பும் ஏற்பாட்டை மாற்றினார். புதிய முறையில், யார் மெயிலைத் திறந்தார்கள், எத்தனை நிமிடம் திறந்து வைத்திருந்தார்கள் என்று கணக்குக் காட்டும். அந்தக் கணக்கை எடுத்துத் தரும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் மாதக் கணக்கைப் பார்த்துவிட்டு ஆடிட்டர் சிரித்தார். முந்நூற்றுப் பன்னிரண்டில் திறந்தவர்கள் ஒன்பது பேர். அதில் எட்டுப் பேர் இரண்டு மூன்று வினாடியில் மூடியிருந்தார்கள். அழிப்பதற்காகத் திறந்தவர்கள்.

"இப்பல்லாம் எல்லாருக்கும் போன்லயே வந்து விழுதும்மா. யாரு நாலு பக்கம் படிக்கிறா? ஒருத்தர்கூடப் படிக்கலன்னா நிறுத்திட வேண்டியதுதான்."

"ஒருத்தர் படிக்கிறாங்க சார்," என்றேன். உண்மைதான். ஒரே ஒரு முகவரி, நான்கு வெள்ளிக்கிழமையும், இருபது நிமிடம், இருபத்தைந்து நிமிடம் என்று திறந்து வைத்திருந்தது. தையல் இயந்திர ஊசிகளை வெளிநாட்டிலிருந்து தருவித்து விற்கும் ஒரு பெண்மணி. தனியாளாகத் தொழில் செய்பவர். ஆபீசில் அவரை ஊசிக்காரம்மா என்போம். வருடத்துக்கு ஒருமுறை கணக்கு முடிக்க மட்டும் வருவார்.

ஆடிட்டர் தோளைக் குலுக்கினார். "சரி, அந்த ஒருத்தர் இருக்கிற வரைக்கும் ஓடட்டும்."

இதை கெஜட்டிடம் சொல்லியிருக்கக் கூடாது. நான் சொல்லிவிட்டேன், என் வாய் அப்படி. ஒன்பது பேர், எட்டுப் பேர் கதையையெல்லாம் விழுங்கிவிட்டு, "உங்க பேப்பரை ஒருத்தங்க வாராவாரம் இருபது நிமிஷம் படிக்கிறாங்க சார்" என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"இருபது நிமிஷமா?"

"சில வாரம் இருபத்தஞ்சு."

"அப்ப ரெண்டாம் பக்கத்தைத்தான் திருப்பித் திருப்பிப் படிக்கிறாங்க," என்றார். "சுங்கத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் ஒதுக்கணும்."

அன்று ஒன்றேகால் போனில் நாற்பது வினாடி தாண்டியது. "நம்ம பேப்பரை ஒருத்தங்க விடாம படிக்கிறாங்களாம்... ஆமா... இல்ல, நம்ம பேப்பரை... சரி, சரி, குழந்தை அழுவுது பாரு. அப்புறம் பேசலாம்." அந்த 'அப்புறம்' அன்று வரவில்லை. மறுநாள் ஒன்றேகாலுக்கு, "ஆச்சு... நீ?... சரி" என்று பழையபடி முடிந்தது.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை ஊசிக்காரம்மா படியேறி வந்தார். லிஃப்ட் அன்றும் ஓடவில்லை. மூச்சு வாங்கக்கூட நிற்காமல், "அந்தப் பேப்பர் எழுதுறவர் யாரு?" என்றார். கையில் கனமான ஃபைல்.

விஷயம் இதுதான். வெளிநாட்டிலிருந்து வரும் தையல் ஊசிகளுக்கு ஆய்வுக்கூடச் சான்றிதழ் கட்டாயம் என்று புதிதாக ஓர் ஆணை. அரசிதழில் வெளியான நாளிலிருந்து முப்பது நாள் கழித்து அமலுக்கு வரும். அந்த அரசிதழின் தலையில் இருந்த தேதி செப்டம்பர் 4. ஆனால் அது இணையதளத்தில் ஏறியது 11ஆம் தேதி காலையில். பழைய தேதியைப் போட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து ஏற்றுவது அங்கே சகஜம். கெஜட் 11இலிருந்து முப்பது நாள் எண்ணி, 'அக்டோபர் 11 முதல் சான்றிதழ் கட்டாயம்' என்று எழுதிவிட்டார். அதை நம்பி ஊசிக்காரம்மா, சான்றிதழ் இல்லாத கடைசிச் சரக்கை அவசரமாக வரவழைத்திருக்கிறார். ஆறு பெட்டி ஊசி. துறைமுகத்துக்கு வந்தது அக்டோபர் 7ஆம் தேதி. சுங்க அதிகாரிகளோ, அரசிதழின் தலையில் உள்ள தேதிப்படி அக்டோபர் 4இலிருந்தே சட்டம் அமலில் இருக்கிறது, சான்றிதழ் இல்லாமல் ஓர் ஊசிகூட வெளியே போகாது என்று நிறுத்திவிட்டார்கள்.

"பதினேழு தையல் யூனிட்டு என்னை நம்பி மெஷினை நிறுத்தி வெச்சிருக்காங்க. கிடங்கு வாடகை தினம் ஏறுது. சரக்கைத் திருப்பி அனுப்பினா என் தொழிலே போச்சு. நீங்க எழுதினதைப் பாத்துத்தானே நான் ஆர்டர் போட்டேன்?" என்று அவர் ஃபைலை மேசைமேல் விரித்தார்.

அந்த ஃபைல் முழுக்க எங்கள் பேப்பர். ஒவ்வொரு வாரமும் அச்செடுத்து, தேதி வரிசையில் கோத்து, பச்சை மையில் அடிக்கோடு போட்டு, ஓரத்தில் பென்சில் குறிப்புகள். இரண்டாம் பக்கங்கள் விரல் பட்டு மழமழவென்று ஆகியிருந்தன.

 கெஜட்டைப் பார்த்தால், மனுஷன் அந்த ஃபைலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். முகத்தில் வெளிச்சம். சத்தியமாகச் சொல்கிறேன், வெளிச்சம். ஒரு பெண்பிள்ளை எதிரே நின்று கண் கலங்கத் திட்டிக்கொண்டிருக்கிறார், இவர் ஒரு தாளின் ஓரத்தை விரலால் தொட்டு, "எல்லாத்தையும் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் தலையில் தண்ணீர் ஜக்கைக் கவிழ்த்திருப்பேன்.

"வெச்சிருந்து என்ன பிரயோஜனம்? எரிக்கத்தான் லாயக்கு," என்றார் ஊசிக்காரம்மா.

அப்போதுதான் கெஜட்டுக்குச் சுரணை வந்தது. முகம் அப்படியே வெளிறிப் போயிற்று. அரசிதழ் ஃபைலை எடுத்தார், தலைப்பைப் பார்த்தார், உட்கார்ந்தார்.

"தப்பு என்னுதுதாம்மா," என்றார். "தினமும் காலையில நான்தான் பாக்கறேன். நான் பாத்த நாளையே அது வெளியான நாள்னு எழுதிட்டேன். ரெண்டு தேதி இருந்தா முன்னால உள்ளதைத்தான் சொல்லணும். இந்தத் தொழில்ல முதல் பாடம் அது."

எழுந்து ஆடிட்டரின் அறைக்குள் போனார். கதவு பாதி திறந்திருந்தது, நான் ஒட்டுக்கேட்கவில்லை, காதில் விழுந்தது.

"நம்ம பேப்பர் அடியில நாலு வரி போட்டிருக்கோமே. இதை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம்னு. அதோட முடிஞ்சது நம்ம பொறுப்பு. தப்புன்னு எழுத்துல குடுத்தா நாளைக்கு முந்நூறு பேர் வாசல்ல நிப்பாங்க."

"முந்நூறு பேர் வர மாட்டாங்க சார். படிச்சவங்க ஒருத்தங்கதான்." பிறகு அவரே, "நம்பாதீங்கன்னு போட்டு அனுப்புற பேப்பரை ஒருத்தங்க நம்பியிருக்காங்க சார். எனக்கு ரெண்டு நாள் லீவு வேணும்."

ஆடிட்டர் கெட்டவர் இல்லை. லீவு கொடுத்தார், ஆபீஸ் லெட்டர் பேப்பர் கொடுக்கவில்லை. வெள்ளைத் தாளில் அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். செப்டம்பர் 5 முதல் 10 வரை ஆறு நாள் காலை, இணையதளத்தின் முதல் பக்கத்தை அச்செடுத்திருக்கிறேன். அடியில் தேதியும் நேரமும் உள்ளன. அந்த ஆறு நாளும் இந்த ஆணை அங்கே இல்லை. பொதுமக்கள் கண்ணில் படாத சட்டத்தை அவர்கள்மேல் எப்படிச் சுமத்துவது? இதுதான் கடிதம். கீழே அவர் பெயர், வீட்டு விலாசம்.

ஆறு தாளையும் டைரியையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு ஊசிக்காரம்மாவோடு சுங்க அலுவலகத்துக்குப் போனார். அங்கே நடந்ததை அவரே பிறகு சொன்னார். அதிகாரி டைரியைப் பின்னோக்கிப் புரட்டினாராம். ஒரு மாதம், ஒரு வருடம், ஐந்து வருடம்.

"தினமும் காலை ஏழு மணிக்கா?"

"ஆமா சார்."

"ஞாயித்துக்கிழமையும்?"

"ஆமா சார்."

"ஞாயித்துக்கிழமை அதுல ஒண்ணும் ஏத்த மாட்டாங்களே. எதுக்கு வந்து பாக்கறீங்க?"

"நீங்க என்ன சார் சொன்னீங்க?" என்று நான் கேட்டேன்.

"என்னத்தைச் சொல்றது? தாகமா இருக்கு, தண்ணி கிடைக்குமான்னு கேட்டேன்," என்றார்.

அதிகாரி மேலதிகாரியிடம் போனார். மேலதிகாரி இன்னும் மேலே எழுதிப் போட்டார். நான்காம் நாள் ஆறு பெட்டியையும் விட்டுவிட்டார்கள். அந்த டைரியும் தாளும் இல்லாவிட்டால் ஊசிக்காரம்மா அன்றோடு கடையை மூடியிருக்க வேண்டியதுதான். கிடங்கு வாடகையை மட்டும் அவரே கட்டினார். இவர் பாதி தருகிறேன் என்றதற்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாராம்.

அந்த வெள்ளிக்கிழமை திருத்தப் பெட்டியில் முதல்முறையாக வேறு வரிகள் வந்தன. எந்த ஆணை, எந்தத் தேதி, எது தப்பு, எது சரி. கடைசியில், 'பிழை எழுதியவருடையது.' ஆடிட்டர் பார்த்துவிட்டு அப்படியே போக விட்டார்.

திங்கட்கிழமை ஊசிக்காரம்மா போன் செய்தார். இரண்டாவது மணியில் எடுத்தேன். அவரிடம் கொடுக்கட்டுமா என்றேன்.

"வேண்டாம்மா. நேர்ல சொல்ல எனக்குச் சங்கடமா இருக்கு. அவரு செஞ்ச உதவிய மறக்க மாட்டேன். ஆனா இனிமே அந்தப் பேப்பர் எனக்கு வேணாம். படிக்கிற ஒவ்வொரு தேதியையும் பாத்துப் பயப்பட என்னால முடியாது. லிஸ்ட்லருந்து என் பேரை எடுத்துடச் சொல்லுங்க."

எத்தனையோ பேரிடம் எத்தனையோ கெட்ட செய்தி சொல்லியிருக்கிறேன். போன் எடுப்பவளுக்கு அதுதானே வேலை. நான்கு எட்டு நடந்து அவர் மேசைக்குப் போக அன்று எனக்குக் கால் வரவில்லை. சொன்னேன். அவர் தலையாட்டினார்.

"நியாயம்தான்," என்றார். தானே லிஸ்ட்டைத் திறந்து, அந்த ஒரு வரியைத் தேடிப்பிடித்து எடுத்தார். முந்நூற்றுப் பதினொன்று.

இனி நான் செய்தது. ஆடிட்டர் சொன்னது நினைவிருக்கிறதல்லவா? அந்த ஒருத்தர் இருக்கிற வரைக்கும் ஓடட்டும் என்றாரே. அந்த ஒருத்தர் போய்விட்டார். இந்த மாதக் கணக்கைக் காட்டினால் பேப்பருக்கு அன்றோடு முடிவு. பேப்பர் இல்லாத கெஜட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மின்கட்டண ரசீது வருவதற்கென்று எனக்கு ஒரு மெயில் முகவரி உண்டு. அதை லிஸ்ட்டில் சேர்த்தேன். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பேப்பர் வந்ததும் என் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துவிட்டு, எல்லோருக்கும் டீ போடப் போய்விடுவேன். பத்து நிமிடம் ஆகும். திரும்பி வந்து மூடுவேன்.

படித்தேனா என்று கேட்காதீர்கள். ஒரு வரி படிக்கவில்லை. பின்னாலேயே உட்கார்ந்து எழுதுகிற மனிதரின் பேப்பரைப் பதினோரு வருடமாகப் படிக்காதவள், அப்போது மட்டும் படித்துவிடுவேனா?

"புதுசா ஒருத்தர் படிக்கிறாங்க சார். வாரம் தவறாம பத்து நிமிஷம்," என்று அவரிடம் சொன்னேன்.

"யாரு?"

"பேரு தெரியல. மெயில் மட்டும்தான் இருக்கு."

"புது ஆளா இருந்தா தொழில் புரிஞ்சிருக்காது. எளிமையா எழுதணும்," என்றார்.

நவம்பர் போயிற்று, டிசம்பர் போயிற்று. அவர் முன்பைவிட நேரமெடுத்து எழுதினார். ஒரு சொல்லை அடித்து வேறு சொல் போடுவார், அதையும் அடிப்பார். ஒன்றேகால் போன் வந்தது, "ஆச்சு" என்று போனது. நான் டீ போட்டேன்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் வியாழக்கிழமை ஆடிட்டர் என்னைக் கூப்பிட்டார். "நாளைக்கு வர்ற பேப்பரோட நிறுத்திடலாம். அவர்கிட்ட காலையிலயே பேசிட்டேன். அவருக்கு இங்க வேற வேலை குடுக்கறேன்னேன், பொண்ணு வீட்டுக்கே போறேங்கிறாரு."

"ஒருத்தர் படிக்கிறாங்களே சார்."

"ஒருத்தருக்காக ஒரு ஆளைப் போட்டு எழுதச் சொல்ல முடியுமாம்மா?"



மறுநாள் பதினோரு மணிக்கு மெயில் வந்தது. திறந்தேன். வழக்கம்போல எழுந்தேன். ஏனோ உட்கார்ந்துவிட்டேன். கடைசிப் பேப்பராச்சே, ஒருமுறையாவது பார்ப்போமே என்று முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். வரிப் பக்கம் ஓரளவு புரிந்தது. புதிய படிவம் ஒன்றை, சின்னக் கடை வைத்திருப்பவருக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொல்லியிருந்தார். இரண்டாம் பக்கம் காட்டில் கண்ணைக் கட்டி விட்டதுபோல இருந்தது. மூன்றாம் பக்கம் பரவாயில்லை. நான்காம் பக்கத் தேதிப் பட்டியலைத் தாண்டி, அடியில் இருந்த திருத்தப் பெட்டிக்கு வந்தேன்.

'மூன்று வாரத்துக்கு முந்தைய இதழில், கம்பெனி இயக்குநர்கள் தங்கள் விவரப் படிவத்தைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் பிப்ரவரி 30 என்று இருந்தது. அப்படி ஒரு நாள் இல்லை. சரியான தேதி மார்ச் 31. இதனால் யாருக்கும் நஷ்டம் வராது. யாரும் சுட்டிக்காட்டவில்லை. இனித் திருத்தம் ஏதும் இல்லை.'

பிப்ரவரி முப்பது. மூன்று வாரத்துக்கு முந்தைய பேப்பரைத் தேடித் திறந்தேன். மூன்றாம் பக்கம், நட்ட நடுவில், தடித்த எழுத்தில். குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். கை தவறி அடித்தது இல்லை அது. ஒரு தேதி தப்பாகப் போனதற்குத் தெருத்தெருவாக அலைந்த மனிதர், யாரையும் புண்படுத்த முடியாத ஒரு தேதியாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறார். மூன்று வெள்ளிக்கிழமை காத்திருந்திருக்கிறார். நான் டீ போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

எனக்கு அழுகை வந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். அவர் மேசையிலிருந்து டைரிகளை எடுத்து ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த நாற்காலியிலிருந்து என் கம்ப்யூட்டர் திரை நேராகத் தெரியும். இது எனக்கு அன்றுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் பதினோரு மணிக்கு அவர் பேப்பர் திறந்து கிடப்பதையும், அதற்கு முன்னால் நாற்காலி காலியாக இருப்பதையும் அவர் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்படியும் ஒருவேளை போனில், வீட்டில், எப்போதாவது படிக்கிறாளோ என்ற நப்பாசையில்தான் அந்த முப்பது.

நான்கு எட்டு நடந்தேன்.

"சார்... பிப்ரவரி முப்பது," என்றேன்.  "அந்தப் புது ஆளு நான்தான். நான் படிக்கல சார். சும்மா திறந்துதான் வெச்சேன்."

"தெரியும்மா," என்றார். டைரியின் தூசியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். "பரவாயில்ல. திறந்தாவது வெச்சீங்களே."

கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் நகராமல் நின்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னிக்குப் படிச்சீங்கல்ல?"

"கடைசி வரைக்கும் படிச்சேன் சார்."

"எங்க புரியல?"

"ரெண்டாம் பக்கம் முழுக்க."

அவர் கையிலிருந்த டைரியைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் மேசையருகே போட்டார். பதினோரு வருடத்தில் அந்த நாற்காலி ஜன்னலோரத்தை விட்டு வந்ததில்லை.

"உக்காருங்க. முதல் வரியிலருந்து வரேன். அவசரம் ஒண்ணும் இல்லையே?"

"இல்ல சார்."

அவர் திரையில் விரலை வைத்து ஆரம்பித்தார். சரக்கு துறைமுகத்துக்கு வந்த நாள் என்பது ஒன்று, கணக்கில் வந்த நாள் என்பது வேறு என்றார். என் மேசையில் போன் அடித்தது. இரண்டாவது மணி, மூன்றாவது மணி, நான்காவது மணி. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.